சாந்தியாகோவில் ஏழு நாற்காலிகள்

கனடாவில் வதியும் எனது பெறாமகன் ஒருவன் அங்குள்ள பெரிய நிறுவனமொன்றில் முகாமையாளராகப் பணிபுரிகின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் தொலைபேசியில் அழைத்துச் சுகம் விசாரிப்பான். அண்மையில் பேசியபோது தனது அலுவலகத்தில் நடைபெறும் பயிற்சிநெறி பற்றிக் கூறினான்.

"பெரியப்பா, செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு தலைமைப் பொறுப்பில இருக்கிறவைக்கு முறைமைச் சிந்தனைதான் முக்கியமான தகுதியாம். உங்கட காலத்தில இதெல்லாம் இருந்திருக்காது."

"உங்கட காலம்" என்று அவன் சொன்னது என்னைச் சற்றே சீண்டிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் காலத்தில் கணினி என்பது பெரும்பாலானோர் கண்ணாலும் கண்டிராத பொருள். ஆயினும் அவன் கூறிய அந்தச் சிந்தனை வளர்ந்தது எங்கள் காலத்தில்தான். ஒரு நாட்டின் ஜனாதிபதி அதனை நம்பி, தமது நாட்டின் தொழிற்றுறையையே அதன்படி நடத்த முயன்றதும் எங்கள் காலத்தில்தான். தொலைபேசியில் அவனுக்கு அரைகுறையாகச் சொன்ன கதையை இங்கே முழுமையாக எழுதிவைக்கின்றேன்.

முறைமைச் சிந்தனை என்ற சொற்றொடரைக் கண்டு வாசகர்கள் மிரளத் தேவையில்லை. ஒரு பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பார்ப்பதற்குப் பதிலாக, அத்துண்டுகள் ஒன்றையொன்று எவ்வாறு பற்றிநிற்கின்றன என்பதையும், ஓரிடத்தில் நாம் செய்யும் காரியத்தின் விளைவு எங்கெங்கோ சுற்றி, காலந்தாழ்த்தி, இறுதியில் நம்மிடமே எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதையும் பார்க்கும் பழக்கமே அது. அமெரிக்கக் கணிதவியலாளர் நோர்பர்ட் வீனர் இத்துறைக்கு அடித்தளமிட்ட தமது நூலுக்கு 1948ஆம் ஆண்டு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பழந்தமிழில் அவனை மீகாமன் என்பர். மீகாமன் சுக்கானை ஒருமுறை திருப்பிவிட்டு உறங்கப் போவதில்லை. கப்பல் எவ்வளவு திரும்பியது, காற்றும் நீரோட்டமும் அதனை எவ்வளவு தள்ளின என்று பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பான்.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜே பொரெஸ்டர் என்றொரு பொறியியலாளர் இருந்தார். உலகின் முதல் அதிவேகக் கணினிகளுள் ஒன்றாகிய 'வேர்ல்விண்ட்' அவரது தலைமையில் உருவானது. அப்படிப்பட்டவர் 1956இல் கணினி கட்டுவதைக் கைவிட்டு, அதே நிறுவகத்தின் முகாமைத்துவப் பள்ளிக்குப் போய்விட்டார். அங்கு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் அவரிடம் ஒரு புதிருடன் வந்தனர். கென்டக்கி மாநிலத்திலிருந்த அவர்களது தொழிற்சாலைகளில் சில வருடங்கள் இரவு பகலாக வேலை நடக்கும். அடுத்த சில வருடங்களில் பாதிப்பேர் வேலையிலிருந்து நிறுத்தப்படுவர். சந்தையின் ஏற்றத்தாழ்வே இதற்குக் காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்தனர். பொரெஸ்டர் ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பென்சிலால் நிரல்கள் வரைந்து, கையிருப்பு எவ்வளவு, வந்த ஓர்டர் எவ்வளவு, ஊழியர் எத்தனை பேர் என்று கிழமை கிழமையாகக் கணக்கிட்டார். வெளியிலிருந்து வரும் கேள்வி சீராக இருந்தாலும்கூட, ஆட்களைச் சேர்ப்பதற்கும் பொருட்களைத் தருவிப்பதற்கும் அவர்கள் தாமே வகுத்திருந்த விதிகள் அந்த ஆட்டத்தை உண்டாக்கப் போதுமானவை என்பது அதில் தெரியவந்தது. அதிவேகக் கணினியைக் கட்டிய மனிதர் இதனைக் கண்டுபிடிக்கப் பென்சிலை எடுத்தார் என்பது எனக்கு எப்போதும் சுவை தரும் செய்தியாகும்.

சிலி நாட்டுக் கதைக்கு வருமுன் எனது சொந்த அனுபவமொன்று. நான் பத்திரிகைத் தொழிலில் காலடி வைத்தபோது, எங்கள் ஆசிரிய பீடத்தை ஒட்டிய சிறிய அறையில் தொலை அச்சுப் பொறிகள் ஓயாமல் தடதடத்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டுச் செய்திகள் நீண்ட கடதாசிச் சுருளில் வந்து நிலத்தில் குவியும். அவசரச் செய்தியென்றால் பொறி தானே மணியடிக்கும். ஓர் இரவு நான் கன்ரீனில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த சமயம் மணி அடித்திருக்கிறது. மறுநாள் மற்றைய பத்திரிகைகளெல்லாம் முதற்பக்கத்தில் வெளியிட்ட செய்தி எங்களிடம் இல்லை. செய்தி ஆசிரியர் என்னை அழைத்தார். பொறியில் செய்தி வந்துதான் இருந்தது, மணியும் அடித்ததாம் என்று நான் ஏதோ சமாளித்தேன். "மணி அடிச்சது சரி தம்பி. கேட்டது ஆர்?" என்றார். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

இனிச் சிலிக்குப் போவோம்.

1970 நவம்பரில் சல்வடோர் அலெண்டே சிலியின் ஜனாதிபதியானார். வாக்குப்பெட்டி மூலம் ஆட்சிக்கு வந்த சோசலிசவாதி, தொழிலால் வைத்தியர். (அதே ஆண்டு மே மாதத்தில்தான் இங்கும் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிபீடமேறியது. கூட்டுத்தாபனங்கள் பெருகிய அக்காலத்தை மூத்த வாசகர்கள் அறிவர்.) ஓராண்டுக்குள் செப்புச் சுரங்கங்களும் நூற்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளும் அரசின் கைக்கு வந்தன. ஆனால் அவற்றை நடத்துவது எப்படி? எந்த ஆலையில் மூலப்பொருள் தீர்ந்துவிட்டது, எங்கே தொழிலாளர் வேலைக்கு வரவில்லை என்பவற்றைத் தலைநகர் அறிந்துகொள்வதற்கிடையில் மாதங்கள் கழிந்துவிடும்.

அரசாங்க உற்பத்தி மேம்பாட்டுக் கூட்டுத்தாபனத்தில் பெர்னாண்டோ புளோரெஸ் என்ற 28 வயது இளைஞர் உயர்பதவி வகித்தார். அவர் 1971 ஜூலையில் ஸ்டபர்ட் பியர் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். பியர் உருக்குத் தொழிற்றுறையில் அனுபவம் பெற்றவர். சைபர்நெட்டிக்ஸ் கோட்பாட்டை நிறுவன நிர்வாகத்துக்குப் பொருத்திப் பார்த்தவர்களில் முதன்மையானவர். நீண்ட தாடியும் சுருட்டுமாக வாழ்ந்த இந்த முகாமைத்துவ ஆலோசகர், தமது எண்ணங்களை ஒரு நாடே செயற்படுத்த விரும்புகின்றது என்று கண்டதும் அதே ஆண்டு நவம்பரில் சாந்தியாகோவில் வந்து இறங்கினார்.

பியரின் மாதிரி மனித நரம்புத் தொகுதியை ஒத்தது. கை நெருப்பில் பட்டால் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் இழுத்துக்கொள்கின்றதல்லவா? அதுபோல ஒவ்வொரு தொழிற்சாலையும் தனது அன்றாடக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தன்னால் இயலாதபோதே மேல்மட்டத்துக்கு அறிவிக்க வேண்டும். இவ்வாறு ஐந்து மட்டங்கள். ஜனாதிபதியைச் சந்தித்து இதனை விளக்கியதைப் பியர் பின்னர் பதிவுசெய்துள்ளார். அலெண்டே வைத்தியராகையால் நரம்பும் மூளையும் அவருக்குப் புதிதல்ல; ஒவ்வொரு மட்டமாக வரைந்துகாட்ட எளிதில் விளங்கிக்கொண்டார். உச்சியிலுள்ள ஐந்தாவது கட்டத்தை வரைந்து, இதுதான் தாங்கள் என்று ஜனாதிபதியிடம் சொல்லப் பியர் வாயெடுத்தார். அதற்குள் அலெண்டே முந்திக்கொண்டு, கடைசியாக மக்கள் வந்துவிட்டார்கள் என்ற கருத்தில் மகிழ்ச்சியுடன் பேசினாராம். பியர் தமது திட்டத்தையே அன்று புதிதாகக் காணத் தொடங்கியதாகத் தெரிகின்றது.

அந்தத் திட்டத்துக்குச் 'சைபர்சின்' என்று பெயர். நாடு முழுவதற்கும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு பெரிய கணினியில் குறிப்பிட்ட நேரம் மாத்திரமே. ஆனால் முந்திய அரசாங்கம் வாங்கிப் பயன்படுத்தாமல் விட்டிருந்த டெலெக்ஸ் இயந்திரங்கள் சில நூறு களஞ்சியத்தில் கிடந்தன. அவற்றைத் தூசிதட்டித் தொழிற்சாலைகளில் பொருத்தினர். ஆலைகளின் புள்ளிவிபரங்கள் டெலெக்ஸ் வழியே தலைநகருக்கு வந்தன; கணினி அவற்றை முந்திய போக்குடன் ஒப்பிட்டு, வழமைக்கு மாறான ஏதேனும் தென்பட்டால் எச்சரிக்கை விடுத்தது.

இங்கேதான் வாசகர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்த எச்சரிக்கை முதலில் போவது ஜனாதிபதிக்கோ அமைச்சருக்கோ அன்று. சம்பந்தப்பட்ட ஆலையின் முகாமையாளருக்கு. அவருக்கு ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் அவரால் சீர்செய்ய முடியாவிட்டால் மாத்திரமே அது அடுத்த மட்டத்துக்கு ஏறும். எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கும் கண்ணாக அதனைப் பியர் அமைக்கவில்லை. மேலிடத்துக்கு எது தெரியவேண்டியதில்லை என்பதையும் அவர் யோசித்திருந்தார். இன்று ஊழியர் ஒருவர் விசைப்பலகையைத் தொட்ட நேரத்தைக்கூடத் தலைமையகத்துக்கு அறிவிக்கும் மென்பொருட்களை விற்பவர்கள் இதனை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பொருளாதாரத்தின் போக்கைப் பாவனை செய்துபார்க்கும் பகுதியும் சைபர்சின்னில் இருந்தது. அதற்குப் பயன்பட்டது பொரெஸ்டரின் குழு உருவாக்கிய 'டைனமோ' என்ற கணினி மொழி. கென்டக்கித் தொழிற்சாலைக்காகப் பென்சிலால் தொடங்கிய கணக்கு, ஆண்டிஸ் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்திருந்தது.

திட்டத்தின் உச்சம் சாந்தியாகோவில் அமைந்த செயற்பாட்டு அறை. 1973 தொடக்கத்தில் அதன் மாதிரி வடிவம் தயாராகிவிட்டது. அறுகோண வடிவிலான அந்த அறையில் வெண்ணிறக் கண்ணாடியிழையாலான ஏழு சுழல் நாற்காலிகள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் பெரிய பொத்தான்கள். பக்கத்தில் சாம்பற் கிண்ணத்துக்கும் குவளைக்கும் இடம். சுற்றுச் சுவர்களில் திரைகள். எழுதுவதற்கு மேசை கிடையாது; கடதாசியில் முகம் புதைத்தால் கலந்துரையாடல் கெட்டுவிடும் என்று கருதினர். தட்டெழுத்துப் பலகையும் கிடையாது. தட்டெழுதுவது பெண்களான செயலாளர்களின் வேலை, தீர்மானம் எடுப்போருக்குப் பொத்தானே போதும் என்ற அக்கால ஆண்களின் எண்ணம் அதிலே தெரிகின்றது. தொழிலாளரின் பெயரால் கட்டிய அறையில் ஏழு ஆண்கள் சுழன்றிருந்து யோசிப்பதே கற்பனையாக இருந்தது. எதிர்காலத்துக்குரியதுபோல் ஒளிர்ந்த அத்திரைகளின் வரைபடங்களைப் பின்னணியில் கையால் வரைந்து ஸ்லைட்டுகளாக்கிக் கொடுத்தவர்களோ நான்கு பெண்கள்.

அறை முழுமையாக இயங்கத் தொடங்குமுன்னரே டெலெக்ஸ் வலையமைப்பு ஒரு சோதனையைச் சந்தித்தது. 1972 ஒக்டோபரில் லொறி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். வடக்குத் தெற்காக நீண்டு மெலிந்து கிடக்கும் அந்த நாட்டில் லொறிகள் நின்றால் உணவு, எரிபொருள் எல்லாமே நின்றுவிடும். கடைக்காரர்களும் தொழில்சார் சங்கங்களும் அதில் சேர்ந்துகொண்டன. அப்போது புளோரெஸ் டெலெக்ஸ் இயந்திரங்களைக் கொண்டு ஒரு கட்டளை நிலையத்தை அமைத்தார். எந்த வீதி திறந்திருக்கின்றது, எந்த ஆலையிடம் எரிபொருள் உள்ளது, அரசுக்கு ஆதரவான லொறி எங்கே நிற்கின்றது என்ற தகவல்கள் இரவு பகலாக வந்தன. பல்லாயிரம் லொறிகள் நின்றிருக்க, சுமார் 200 லொறிகளைக் கொண்டு அத்தியாவசியப் பொருட்களை நகர்த்தினர் என்று சொல்லப்படுகின்றது. அரசாங்கம் அன்று தப்பிப்பிழைத்ததற்கு டெலெக்ஸ் மாத்திரம் காரணமல்ல. இராணுவத் தளபதியை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்ட பிறகே வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. ஆனால் இயந்திரம் கொடுத்த தகவலைக் கேட்கவும், கேட்டவுடன் செயற்படவும் அன்று ஆட்கள் இருந்தனர் என்பதை மறுக்க முடியாது.

1973 ஜனவரியில் இலண்டன் 'ஒப்சேர்வர்' பத்திரிகை, சிலியைக் கணினி ஆள்கின்றது என்ற தோரணையில் செய்தி வெளியிட்டது. சிலியின் எதிரணி ஏடுகளும் அதனைப் பிடித்துக்கொண்டன. மக்களை வேவுபார்க்கும் இரகசிய இயந்திரம் என்ற பெயர் சைபர்சின்னுக்கு நிலைத்துவிட்டது. ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் எனக்கு இதில் வெட்கமே. இருந்தது ஒரு கணினியின் சில மணிநேரமும் பழைய டெலெக்ஸ் இயந்திரங்களும். ஆனால் "கணினி ஆட்சி" என்பது தலைப்புக்கு எடுப்பான சொல். முகாமையாளருக்கு ஒரு காலக்கெடு கொடுக்கப்படுகின்றது என்பதை எந்த ஆசிரியர் தலைப்பாகப் போடுவார்?

அதேவேளை பியரின் திட்டத்திலிருந்த பெரிய ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். அவரது வரைபடத்துக்குள் ஆலைகள் இருந்தன. அச்சடித்த நாணயத்தாளால் ஏறிக்கொண்டிருந்த பணவீக்கமும், கறுப்புச் சந்தையும், வாஷிங்டனின் பகைமையும், பாசறைகளில் நடந்த ரகசியப் பேச்சுக்களும் கோட்டுக்கு வெளியே இருந்தன. முறைமையாகச் சிந்திப்பவர் செய்யும் முதற் காரியம் எல்லைக்கோட்டைக் கீறுவது. அதிலேயே அவர் தவறிவிட்டால் உள்ளே எத்தனை நேர்த்தியாகக் கணித்தாலும் பயனில்லை. பியரே இதனை உணர்ந்திருந்தார் போலும். அரசியல்வாதி தொலைக்காட்சியில் பேசும்போது மக்கள் தம் வீட்டிலிருந்தே ஒரு குமிழைத் திருகித் திருப்தியையோ அதிருப்தியையோ காட்டும் 'சைபர்போக்' என்ற கருவியையும் அவர் திட்டமிட்டார். ஐந்தாவது கட்டத்தில் அலெண்டே வைத்த மக்களுக்கு ஒரு குரல் கொடுக்கும் முயற்சி அது. நாடளாவிய ரீதியில் அது ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை.

1973 செப்டெம்பர் 11ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. லா மொனேடா ஜனாதிபதி மாளிகை மீது விமானங்கள் குண்டு வீசின. அலெண்டே மாண்டார். செயற்பாட்டு அறை அழிக்கப்பட்டது.

இப்பழங்கதையைச் சொல்லும்போதெல்லாம் எனது நினைவு சாந்தியாகோவில் நிற்பதில்லை, வவுனியாவுக்கு வந்துவிடுகின்றது.

2021 ஏப்ரல் இறுதியில் இலங்கை அமைச்சரவை இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யத் தீர்மானித்தது. மே 6ஆம் திகதி வர்த்தமானி வெளியாகியது. சேதன விவசாயம் தவறான இலட்சியமென்று நான் சொல்லமாட்டேன். ரஜரட்டைக் கமக்காரரைப் பீடித்த சிறுநீரக நோய் பொய்யல்ல. அதற்கும் இரசாயனங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதமும் நீண்டகாலமாக நடந்துவருவது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் இதற்குப் பத்தாண்டு கால அவகாசம் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பத்தாண்டு ஏறக்குறைய ஓர் இரவாகச் சுருங்கியது. 2019 இறுதியில் வரிகளைக் குறைத்ததால் அரச வருமானம் விழுந்தது. கொவிட் தொற்றினால் உல்லாசப் பயணத்துறை முடங்கியது. டொலர் கையிருப்பு கரைந்தது. 2020இல் உர இறக்குமதிக்குச் சுமார் 260 மில்லியன் டொலர் செலவானது. டொலரை மிச்சப்படுத்தும் ஆசையும் அத்தீர்மானத்துக்குள் ஒளிந்திருந்தது என்றே பொருளியலாளர் பலரும் கருதினர்.

தனிக் கணக்காகப் பார்த்தால் அது இலாபம்தான். ஆனால் அதே உரம்தான் தேயிலைக்கும் போகின்றது. தேயிலை ஆண்டுக்கு 1,200 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டித் தருகின்றது. அதே உரம்தான் நெல்லுக்கும் போகின்றது. நெல் குறைந்தால் அரிசியை டொலர் கொடுத்து இறக்க வேண்டும். அந்த விளைவும் உடனே தெரியாது. சிறுபோகத்தைக் கையிருப்பிலிருந்த உரம் ஓரளவு தாங்கியது. அடி விழுந்தது பெரும்போகத்தில். அதன் அறுவடை 2022 மாசி, பங்குனியில்.

2021இன் பிற்பகுதியில், ஊரடங்கு தளர்ந்திருந்த ஒரு வேளை, வவுனியாவில் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு கமக்காரருடன் குளக்கட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பகுதிச் சிறுகுளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்து செல்பவை. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்தில் தேங்கும்.

"ஐயா, மேல்குளத்துத் துருசில ஆரும் கை வைச்சா எங்களுக்கு இஞ்ச ரெண்டு மூண்டு நாளையில தெரியும். ஆனபடியா அவை கேக்காமல் துறக்கமாட்டினம், நாங்களும் கேக்காமல் மறிக்கமாட்டம். சேதனப் பசளை நல்லதுதான், ஆர் இல்லையெண்டது? என்ர அப்பு அதாலதான் செய்தவர். ஆனா மண்ணுக்கு மூண்டு நாலு வருசம் வேணும். எங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார்.

அவர் சொன்னது ஒரு தனிமனிதரின் புலம்பல் அன்று. கொழும்பிலுள்ள வெரிட்டே ஆய்வு நிறுவனம் அவ்வாண்டு நடத்திய கணிப்பில், விவசாயிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயத்துக்கு மாறுவதை ஆதரித்தனர். ஆனால் அவ்வாறு ஆதரித்தவர்களிலும் மிகப்பெரும்பாலானோர் ஓராண்டுக்கு மேற்பட்ட அவகாசம் வேண்டுமென்றனர். விவசாயப் பொருளியலாளரும் பேராசிரியர்களும் விளைச்சல் வீழுமென்று எழுத்தில் எச்சரித்தனர். தூசிபடிந்த டெலெக்ஸ் இயந்திரங்களைத் தேடியெடுக்க வேண்டிய நிலை இங்கே இல்லை. கைத்தொலைபேசி இல்லாத கமக்காரர் இல்லை; கிராமந்தோறும் கமநல சேவை நிலையத்தோடு தொடர்புண்டு. மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது.

சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையுடன் வந்த கப்பலொன்றும், தீங்கு பயக்கும் நுண்ணுயிர்கள் உண்டென்று இறக்க மறுக்கப்பட்டது. இறங்காத பசளைக்கு ஏறத்தாழ 6.7 மில்லியன் டொலரை இலங்கை செலுத்த நேர்ந்தது. நவம்பர் 24ஆம் திகதி தடை நீக்கப்பட்டபோது உலகச் சந்தையில் யூரியாவின் விலை பலமடங்கு ஏறியிருந்தது. 2022 ஜனவரியில் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபா நட்டஈடு அறிவிக்கப்பட்டது. அக்கால நாணய மதிப்பில் அது சுமார் 200 மில்லியன் டொலர். மிச்சப்படுத்த நினைத்த தொகையில் பெரும்பகுதி. அத்துடன் அரிசியிலே தன்னிறைவை எட்டிவந்த நாடு, அவ்வாண்டு பல இலட்சம் தொன் அரிசியை இறக்குமதி செய்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவிப்பு. ஜூலை 13ஆம் திகதி ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். உரத்தடை ஒன்றுதான் இவற்றுக்குக் காரணம் என்பது மிகைக்கூற்று. வரிக்குறைப்பும் கடன்சுமையும் பெரும் பங்காளிகள். ஆனால் அத்தனையும் ஒரே வலையின் கண்ணிகள் என்பதை யாரும் ஒரு தாளில் வரைந்து ஜனாதிபதியின் முன் வைத்ததாகத் தெரியவில்லை. வைத்திருந்தாலும் உச்சிக் கட்டத்தில் யார் இருப்பதாக அவர் வாசித்திருப்பார்?

அவர் வெளியேறி நாலரை மாதங்களில் 'சட்ஜிபிடி' உலகுக்கு அறிமுகமானது. எனது பெறாமகன் இதைத்தான் கேட்டான்: "அப்ப அது இருந்திருந்தா இந்தப் பிழை நடந்திருக்காதோ?"

நான் அப்படி நம்பவில்லை. உர இறக்குமதிச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டிருந்தால், அது அழகான பந்திகளில், வர்த்தமானியின் வரைவு உட்பட, ஒரு நிமிடத்தில் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கும். தடையால் டொலர் எப்பாதையால் திரும்பவும் வெளியேறும் என்று கேட்டிருந்தால் அதற்கும் விடை சொல்லியிருக்கும். அதுவும் நல்ல விடையாகவே இருந்திருக்கும். இரண்டாவது கேள்வி மனத்தில் எழ வேண்டும். முன்னரெல்லாம் ஒரு தவறான தீர்மானம் கோப்பாகி, மேசை மேசையாக நகர்ந்து, சட்டப்பிரிவில் தடக்கி, அமுலாவதற்குள் யாராவதொரு எழுதுவினைஞர் "சேர், இதில ஒரு சிக்கல் இருக்கு" என்று சொல்ல வாய்ப்பிருந்தது. அத்தாமதத்தை நாம் சிவப்புநாடா என்று திட்டினோம். நானும் எத்தனையோ பத்திகளில் திட்டியிருக்கின்றேன். இப்போது அந்தத் தடைகள் கழன்றுவருகின்றன. ஆகவே முதலில் கேட்பவரின் கேள்வி முன்னரிலும் பார்க்கப் பாரமானதாகிவிட்டது.

நெதர்லாந்தில் இது நடந்தும் காட்டியது. பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி செய்வோரைக் கண்டுபிடிக்க அந்நாட்டு வரித் திணைக்களம், தானே கற்றுக்கொள்ளும் ஒரு கணினி முறைமையைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை இல்லாமை அதற்கு ஓர் ஆபத்துக் குறியாக இருந்தது. பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரராகக் கணிக்கப்பட்டு, தாங்கமுடியாத தொகைகளைத் திருப்பிச் செலுத்தப் பணிக்கப்பட்டனர். குடும்பங்கள் கடனில் மூழ்கின. அங்கே அலுவலர்கள் தத்தம் வேலையைச் செய்தனர். சட்டம் கடுமை என்றது, கணினி பெயர் கொடுத்தது, அலுவலர் கடிதம் அனுப்பினார். பாதிக்கப்பட்டோரின் முறைப்பாடு மேலே ஏறுவதற்கு வழியில்லை. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகிற்று. ஒரு முறைமை உண்மையில் எதைச் செய்துகொண்டிருக்கின்றதோ அதுவே அதன் நோக்கம் என்று பியர் அடிக்கடி கூறுவதுண்டு. நல்லெண்ண அறிக்கைகளைத் தூக்கிவைத்துவிட்டு விளைவைப் பார்க்கச் சொன்னவர் அவர்.

பியர் பின்னர் வேல்ஸ் மலைப்பகுதியில் ஒரு சிறிய கல்வீட்டில் எளிமையாக வாழ்ந்து, 2002இல் காலமானார். கடிதம் எழுதி அவரை அழைத்த புளோரெஸ் மூன்று ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1976இல் விடுதலையாகிக் கலிபோர்னியா சென்றார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் டெரி வினோகிராட். மனித மொழியைக் கணினிக்கு விளங்கவைக்கும் ஆராய்ச்சியில் 1970களின் தொடக்கத்தில் பெயர்பெற்ற செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி. இருவரும் சேர்ந்து 1986இல் ஒரு நூல் வெளியிட்டனர். கணினி மனிதரைப்போல் விளங்கிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பையே கேள்விக்குட்படுத்தி, மனிதர் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்து, கேட்டு, பொறுப்பேற்கும் உரையாடலுக்குக் கணினி எவ்வாறு துணையாகலாம் என்று ஆராய்ந்த நூல் அது. சாந்தியாகோவின் டெலெக்ஸ் அறையில் வேலைநிறுத்த இரவுகளைக் கழித்த ஒருவரிடமிருந்து அக்கருத்து வந்ததில் எனக்கு வியப்பில்லை. இதே வினோகிராட்டின் மாணவராக ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்தான் கூகுளை நிறுவிய இருவரில் ஒருவரான லாரி பேஜ். புளோரெஸ் பிற்காலத்தில் தாய்நாடு திரும்பி, 2002 முதல் 2010 வரை செனட்டராக விளங்கினார்.

அந்த அறை என்னவாயிற்று என்று பெறாமகன் இரண்டாம் முறையும் கேட்டான். 1973 செப்டெம்பர் 8ஆம் திகதி, செயற்பாட்டு அறையைத் தமது மாளிகைக்கு இடம்மாற்றுமாறு அலெண்டே பணித்திருந்ததாகப் பியர் எழுதியுள்ளார். மூன்று நாட்களில் மாளிகை எரிந்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2023இல், லா மொனேடாவை ஒட்டிய சதுக்கத்துக்குக் கீழே நிலத்தடியில் அமைந்துள்ள கலாசார மையத்தில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதிலே பழைய வரைபடங்களைக் கொண்டு அந்த அறையை மீளக் கட்டி, ஏழு நாற்காலிகளையும் வைத்திருந்தார்கள்.